தாய் ஆலை மூடிய பிறகு

வடசென்னையின் தொழில் வரலாற்றில் 1955 விசேஷமான வருடம். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஐ.சி.எஃப். என்ற மூன்றெழுத்தில் ஊரே அறிந்த ஆலை. அதற்கு வரைபடமும் தொழில்நுட்பமும் தந்தது ஜூரிச்சை ஒட்டிய ஷ்லீரனில் இருந்த ஸ்விஸ் கம்பெனி. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியது. பெரம்பூருக்குச் சில மைல் தள்ளி, திருவொற்றியூரில் அதற்கு ஆலை எழுந்தது.

இரண்டு தாய் ஆலைகளும் இன்று இல்லை. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. மிச்சமிருந்த மோட்டார்சைக்கிள் உற்பத்தி, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் பழைய கல்குவாரிச் சுரங்கத்துக்குள் இருந்த பட்டறையில் 1970 வரை இழுத்துக்கொண்டிருந்துவிட்டு நின்றுபோனது. ஷ்லீரன் ஆலை 1985-இல் கதவடைத்தது. ஆனால் ரெட்டிச்சின் புல்லட் திருவொற்றியூரில் தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. ஷ்லீரன் வடிவமைப்பிலான பெட்டியைப் பெரம்பூர் 2018 வரை செய்தது. அவற்றின் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ஷ்லீரன் மூடிய அதே 1985-இல் பஞ்சாபின் கபூர்தலாவில் இன்னொரு ரயில்பெட்டி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே முதலில் செய்யப்பட்டதும் பெரம்பூர்ப் பெட்டிதான்.

பிறந்த வீட்டில் அழிந்துபோன ஒரு தொழிலறிவு புகுந்த வீட்டில் எப்படிப் பிழைத்தது? பழைய கம்பெனிகள் தங்கள் அறிவை இழந்துகொண்டிருக்கின்றன என்று நிர்வாகவியலாளர்கள் புலம்பும் இந்தக் காலத்தில், இந்தக் கேள்வியை வடசென்னையை வைத்துக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

*

ஒப்பந்தம் கையெழுத்தானதும் கடல் கடந்து வருபவை வரைபடங்கள், அச்சுகள், ஜிக்குகள், எந்திரங்கள். இவை வந்துவிட்டால் தொழில் வந்துவிட்டதாக ஒப்பந்தம் போடுபவர்கள் நம்புவார்கள். ஹங்கேரியில் பிறந்து, வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, 1958-இல் வெளியான தன் நூலில் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார். மின்விளக்குக்குக் கண்ணாடிக் குமிழ் ஊதும் புது எந்திரம் ஒன்று ஹங்கேரிக்கு இறக்குமதியானது. அச்சாக அதே எந்திரம் ஜெர்மனியில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹங்கேரியிலோ ஒரு வருடம் முழுக்க அதிலிருந்து பழுதில்லாத ஒரு குமிழ்கூட வரவில்லை. எந்திரம் வந்து சேர்ந்திருந்தது. அதை ஓட்டும் பழக்கம் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டது.

பழக்கம் என்று இங்கே சொல்வது மாயமான ஒன்றல்ல. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில் டேப்பெட் சரிசெய்வதைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மற்ற எஞ்சின்களில் இத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்று கணக்கு இருக்கும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை நுழைத்து அளந்துவிடலாம். புல்லட்டுக்கு அந்தத் தகடு வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வலப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே நிற்கும் புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்ற வேண்டும். அது தாராளமாகச் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் துளியும் ஆடக் கூடாது. முறை அவ்வளவுதான், கையேட்டிலும் எழுதியிருக்கிறது. தாராளம் என்றால் எவ்வளவு என்பதைத்தான் எந்தக் கையேடும் சொல்லாது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் நம் விரலை விலக்கிவிட்டுத் தான் ஒருமுறை சுழற்றிப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம்’ என்று பல முறை சொன்ன பிறகு ஒருநாள் நம் விரலுக்கே அது பிடிபடும். பிடிபட்ட பிறகு, அதை அடுத்தவனுக்குச் சொல்லத் தெரியாமல் நாமும் அவன் விரலை விலக்கிவிட்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்போம்.

ரயில்பெட்டியிலும் இதே கதைதான். ஐ.சி.எஃப். பெட்டியின் சிறப்பு, தளம், பக்கச்சுவர், கூரை மூன்றும் சேர்ந்து ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டுப் பாரத்தைத் தாங்குவது. விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளாமல் இருக்கவும் அந்த அமைப்பு உதவும் என்றார்கள். ஆனால் மெல்லிய எஃகுத் தகட்டில் பற்றவைப்பு விழுந்தால் தகடு நெளியும். எந்த இடத்தில் முதலில் வைப்பது, எங்கே விட்டுவிட்டு எங்கே தொடர்வது, நெளிந்த இடத்தில் எவ்வளவு சூடு காட்டி, எப்போது தண்ணீரால் குளிரவைத்து நேராக்குவது என்பதெல்லாம் வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பாக இருக்கலாம். ஆனால் தகடு சிவந்து வரும் நிறத்தைப் பார்த்து ‘போதும்’ என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்க இன்னொரு கண் பக்கத்தில் நிற்க வேண்டும்.

*

ரெட்டிச்சிலும் ஷ்லீரனிலும் இல்லாத எது இங்கே இருந்தது? பெருமைப்படும்படியான பதில் வருமென்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். திருவொற்றியூரில் யாரும் ஒரு பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வேலை செய்யவில்லை. புல்லட் மாறாமல் இருந்ததற்குக் காரணம், அதை மாற்றும்படி யாரும் நெருக்கவில்லை என்பதுதான். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டி குறைவு. வெளிநாட்டு வண்டிகள் உள்ளே வர வழியில்லை. ராணுவமும் போலீசும் புல்லட்டைத்தான் வாங்கின. பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் தொழிலை ஜப்பானியர்கள் 1960களின் கடைசியில் சுருட்டி மடக்கினார்கள். அதே ஜப்பானியர்கள் இந்தியச் சாலைக்கு வர 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் திருவொற்றியூர் அதே எஞ்சினைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. பெரம்பூருக்கோ முக்கியமாக வாங்குபவர் ஒருவர்தான், அவரே முதலாளி: இந்திய ரயில்வே. பெட்டி தேவைப்படாத வருடமென்று ஒன்று இருந்ததில்லை.

ஆக, அறிவைக் காப்பாற்றியது இடைவிடாத உற்பத்தி. கொஞ்சம் கசப்பாகச் சொன்னால், தேக்கம். செய்துகொண்டே இருந்தவர்கள் மறக்கவில்லை. இது ஒன்றும் பெரிய தத்துவமில்லை. ஆனால் ஆவணக் காப்பகத்தால் அறிவைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு உறைக்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. அந்தக் காலத்து ஆலையில் ஃபிட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் நிற்பார். ரயில்வேயில் அவருக்குக் கலாசி என்று பெயர். மற்ற இடங்களில் ஹெல்பர், எடுபிடி. ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பது, தகட்டைத் தாங்கிப் பிடிப்பது, டீ வாங்கி வருவது அவர் வேலை. கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு அவர் மிகை ஆள். ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு இருவர் எதற்கு என்று எந்த ஆலோசகரும் கேட்பார். அந்த மிகை ஆள்தான் ஆலையின் நினைவு. பத்து வருடம் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, பெரியவர் எப்போது கையை நிறுத்துகிறார் என்பது தெரிந்துபோயிருக்கும். பெரியவர் ஓய்வு பெறும் நாளில், அவரை யாரும் பேட்டி கண்டு குறிப்பெடுக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழைய ஆலைகளில் மகனுக்கும் மருமகனுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சிபாரிசில் வேலை கிடைத்தது. கூடவே நின்று கற்கும் வாய்ப்பு உறவுக்குள்ளும் சாதிக்குள்ளும் சுற்றிவந்தது. எந்திரக் கூடங்களில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. அறிவு தொடர்ந்தது என்று கொண்டாடும்போது, அது யாருக்கெல்லாம் கிடைக்காமல் தொடர்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கெழுத வேண்டும்.

*

தொடர்ந்த அறிவோடு தொடர்ந்த குறைகளும் உண்டு. பழைய புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டு இல்லாமல் இருந்தால், எஞ்சினில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். ஐ.சி.எஃப். பெட்டியின் சக்கர அமைப்பில் அதிர்வைத் தாங்க டேஷ்பாட் என்ற எண்ணெய்க் குடுவைகள் உண்டு. அவற்றிலிருந்து எண்ணெய் கசிவது ரயில்வே பராமரிப்புக்காரர்களின் தீராத தலைவலி. வடசென்னையின் இரு பெரும் தயாரிப்புகளும் பல பத்தாண்டுகள் கசிந்துகொண்டே ஓடின. திறமையைப் பிசகாமல் கைமாற்றியவர்கள் பிசகையும் அப்படியே கைமாற்றினார்கள்.

அப்படியானால் பழையதில் குறையைக் களைந்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். எது குறை, எது குணம் என்பது செய்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதற்கு நான் அறிந்ததில் ஆகப் பெரிய சாட்சி அமெரிக்க அணு ஆயுதத் துறையிலிருந்து வருகிறது. டிரைடென்ட் நீர்மூழ்கி ஏவுகணையில் பொருத்தும் டபிள்யூ-76 என்ற குண்டுக்கு ஃபாக்பேங்க் என்ற ரகசியப் பொருள் தேவை. டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் 1975 முதல் 1989 வரை அதைச் செய்தார்கள். பிறகு ஆலையைப் பிரித்துப்போட்டார்கள். 2000 வாக்கில் பழைய குண்டுகளைப் புதுப்பிக்க முடிவானபோது அந்தப் பொருள் மீண்டும் தேவைப்பட்டது. தேடிப் பார்த்தால் பதிவேடுகள் சொற்பம். செய்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓய்வுபெற்றோ விலகியோ போய்விட்டார்கள். புதிய ஆலை கட்டினார்கள். வருடங்கள் ஓடின. உற்பத்திச் சிக்கலைத் தீர்க்க மட்டும் 6.9 கோடி டாலர் செலவானதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2009-இல் அறிக்கை தந்தது.

செலவைவிடச் சுவாரசியமானது, கடைசியில் கண்டுபிடித்த காரணம். பழைய காலத்து மூலப்பொருளில் ஒரு மாசு கலந்திருந்தது. பொருள் சரியாக அமைய அந்த மாசுதான் உதவியிருக்கிறது. புதிய ஆலையின் சுத்திகரிப்பு முறை மேலானது என்பதால் அந்த மாசையும் சேர்த்துக் கழுவிவிட்டது. பழைய தொழிலாளர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டிருந்தாலும் பயனிருந்திருக்காது. அந்த மாசு இருந்ததும் அது வேலை செய்ததும் அவர்களுக்கே தெரியாது. அவர்கள் பழைய முறையில் செய்தார்கள், சரியாக வந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு அந்த ஆயுதம் தேவையா என்பது வேறு கேள்வி. ஆனால் உலகத்திலேயே அதிகப் பணமும் அதிகக் காவலும் கொண்ட ஒரு நிறுவனத்தால்கூடத் தன் சொந்த அறிவைப் பத்தே வருடத்தில் தொலைக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் தொலைத்ததற்குப் பெரம்பூரிலேயே உதாரணம் இருக்கிறது. ஐ.சி.எஃப்.புக்குப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1920-இல் ஒன்றாயின. பி அண்ட் சி என்றும் பின்னி மில் என்றும் ஊர் அழைத்தது. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறக்கக் காரணமான ஆலை. அங்கே நெய்த காக்கியைப் போலீசும் பட்டாளமும் உடுத்தின. 1996-இல் அது மூடப்பட்டது. நூற்பு, நெசவு, சாயம் என்று ஒவ்வொரு பிரிவிலும் மூன்று நான்கு தலைமுறை சேர்த்துவைத்திருந்த கைப்பக்குவம் எங்கேயும் நடப்படாமல் வீட்டுக்குப் போனது. காலியான கட்டடங்களில் சினிமாவுக்கு செட் போட்டார்கள். பல படங்களில் வில்லன் அடிவாங்கும் இடமாக நாம் பார்த்தது அந்த ஆலையைத்தான். ரெட்டிச்சுக்கு ஒரு திருவொற்றியூர் கிடைத்தது. பெரம்பூர் நெசவுக்கு அப்படியொரு புகுந்த வீடு அமையவில்லை.

*

அறிவைக் காப்பது என்றால் பழையதை அப்படியே செய்துகொண்டிருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியானால் என்ஃபீல்டே பிழைத்திருக்காது. 1994-இல் ஐஷர் கம்பெனி அதை வாங்கியது. 2000 வாக்கில் விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. வார்ப்பிரும்பு எஞ்சினை அந்தப் பத்தாண்டின் முடிவில் கைவிட்டுப் புது எஞ்சினுக்கு மாறினார்கள். கசிவு கட்டுக்குள் வந்தது. ஆனால் வண்டியின் உருவத்தையும், அந்த ஒற்றை சிலிண்டரின் நிதானமான துடிப்பையும் விடவில்லை. எதை விட்டால் வண்டி புல்லட்டாக இருக்காது என்று அறிந்தவர்கள் உள்ளே இருந்ததால்தான் எதையெல்லாம் விடலாம் என்று துணிய முடிந்தது. 2017-இல் அந்தக் கம்பெனி இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தது. அறுபது வருடத்தில் வண்டி ஒரு சுற்று வந்துவிட்டது.

பெரம்பூரும் அப்படித்தான். பழைய பெட்டியைக் கடைசியாகச் செய்த அதே 2018-இல் ‘டிரெயின் 18’ என்ற புது ரயிலையும் செய்து முடித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அது வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லிக்கும் வாராணசிக்கும் இடையே ஓடியது. ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் ஒரு புது ரயில் எப்படி வந்தது என்று வியந்தவர்கள் உண்டு. ஒன்றரை வருடம் என்பது திட்டத்தின் வயது. தகட்டைப் பார்த்துப் ‘போதும்’ என்று சொல்லும் கண்ணின் வயது அறுபதைத் தாண்டும்.

*

இன்றைய நிலைமைக்கு வருவோம். பெரிய கம்பெனிகளில் ஓய்வுபெறுபவரிடம் இப்போது ஒரு படிவம் நீட்டுகிறார்கள். ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’ என்பார்கள். உங்களுக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களை எழுதுங்கள் என்று கேட்கும். முப்பத்தைந்து வருட சர்வீஸ் உள்ள ஒருவர் அதில் என்ன எழுதுவார்? மெஷின் நம்பரையும் கிரீஸ் வைக்கும் நாளையும் எழுதுவார். சில இடங்களில் வீடியோவும் எடுக்கிறார்கள். புல்லட்டின் பெட்ரோல் டேங்க்கில், மயிர்த்தூரிகையைப் பெயின்ட்டில் தோய்த்து, அச்சு எதுவும் வைக்காமல் ஒரே இழுப்பில் தங்கக் கோடு போடும் கையை விளம்பரப் படங்களில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். பார்க்க அழகாக இருக்கும் திறமைக்கு இந்த மரியாதை கிடைத்துவிடுகிறது. டேப்பெட் விரலுக்கும் வெல்டிங் கண்ணுக்கும் கேமரா வருவதில்லை. வந்தாலும் அதில் பதிவதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு சங்கடமான கேள்வியும் உண்டு. தொழிலாளி தன் அறிவை ஏன் கொடுக்க வேண்டும்? தொழிலாளர்கள் பரம்பரையாகச் சேர்த்துவைத்த அறிவையெல்லாம் திரட்டி நிர்வாகத்தின் கைக்குக் கொண்டுவருவதை, 1911-இல் ஃபிரெடரிக் டெய்லர் நிர்வாகத்தின் கடமையாகவே எழுதிவைத்தார். திரட்டி முடித்ததும் திரட்டிக் கொடுத்தவரின் பேரம்பேசும் பலம் போயிற்று. இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே தொழிலாளி அறிந்திருந்தார். எந்திரத்தின் செட்டிங்கை மனதுக்குள் வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் வரும்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிடும் பழைய ஃபோர்மேனைக் கஞ்சன் என்று திட்டுவது சுலபம். வேலை போய்விடாது என்ற நம்பிக்கை இருந்த ஆலைகளில் அதே ஃபோர்மேன் கூட நின்ற பையனுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். வேலைப் பாதுகாப்பு தொழிற்சங்கத்தின் கோரிக்கையாக மட்டுமே பார்க்கப்படுகிறது. உண்மையில் அறிவு கைமாறுவதற்கான முதல் நிபந்தனை அது.

இந்த நிபந்தனையைத்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் கலைத்துவிட்டோம். முதலில் வி.ஆர்.எஸ். வந்தது. நல்ல தொழில் தெரிந்தவர்கள்தான் முதலில் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களுக்கு வெளியே வேலை கிடைக்கும். பிறகு ஹெல்பர் இடங்களை நிரப்பாமல் விட்டார்கள். இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காலை ஷிஃப்ட் பஸ்களில் இறங்குகிறவர்களில் பெரும்பகுதி டிரெய்னிகளும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும். இரண்டு வருடம், மூன்று வருடம். கைக்குத் தொழில் பிடிபடத் தொடங்கும் நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டு அடுத்த அணியை எடுக்கிறார்கள். எந்திரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. எந்திரம் பார்த்துக்கொள்ளும், எந்திரம் சரியாக இருக்கும்வரை. ஹங்கேரியில் அந்தக் குமிழ் எந்திரமும் சரியாகத்தான் இருந்தது.

ஒரு தொழிலறிவைக் காப்பாற்ற ஆகும் செலவு என்னவென்று எந்தக் கம்பெனியாவது உண்மையாகவே கேட்டால், பதில் எளிமையானது. ஒரு வேலைக்குச் சில வருடங்கள் இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டும். போகிறவருக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று. வந்தவர் நாளையும் இங்கேதான் இருப்பார் என்ற உறுதியை இருவருக்கும் தர வேண்டும். படிவமும் வீடியோவும் சாஃப்ட்வேரும் இதற்கு மேல் இருந்தால் நல்லது; இதற்குப் பதிலாக இருந்தால் வெறும் சடங்கு. அந்த இரண்டாவது சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற எந்த நிறுவனமும் நூற்றாண்டு விழா கொண்டாடலாம், மலர் போடலாம், வரவேற்பறையில் பழைய எந்திரத்தைப் பளபளவென்று நிறுத்திவைக்கலாம். அதை ஓட்டத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்.